மனச்சுமையும் மனத்திண்மையும்

(ஆலய ஆண்டுத் திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நடைபெற்ற நலவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



காவடியும் பால்குடமும் நாதசுவர இசையுமாக ஊரே மகிழ்ந்திருக்கும் திருவிழாக் காலத்தில் மன அழுத்தத்தைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், சந்நிதியில் கண்மூடி நிற்கும் வேளையில் நம்மில் பலரும் இறைவனிடம் முறையிடுவது எவற்றை? வேலை கிடைக்காமல் வீட்டில் முடங்கியிருக்கும் மகன், மூன்று மாதமாகச் செலுத்தப்படாத வீட்டுக் கடன், படுத்த படுக்கையாகிவிட்ட மாமியார், மருத்துவர் எச்சரித்த இரத்தச் சர்க்கரை. அருச்சனைத் தட்டோடு இவற்றையும் ஏந்திக்கொண்டுதான் நாம் ஆலயத்திற்கு வருகின்றோம். ஆகவே, இப்பொருளைப் பற்றிப் பேசுவதற்கு இம்மண்டபத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறில்லை என்பது என் துணிபு.

நான் மருத்துவன் அல்லன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, பின்னர் இடைநிலைப் பள்ளியில் படித்து, அரசாங்க ஊழியத்தில் சேர்ந்தவன். அலுவலக முகப்பிடத்தில் பல ஆண்டுகள் பொதுமக்களைச் சந்தித்தவன். விண்ணப்பப் பாரத்தை மேசையில் வீசிவிட்டு உரத்த குரலில் சண்டையிடுகின்றவரை அமரச் செய்து, "என்ன ஐயா நடந்தது?" என்று கேட்டால், ஐந்து நிமிடத்திற்குள் அவர் கண் கலங்குவதைப் பலமுறை கண்டிருக்கின்றேன். அவருடைய கோபம் அந்தப் பாரத்தின் மீது எழுந்தது அன்று. வேறு எங்கோ ஏற்றிக்கொண்ட சுமையை அவர் அங்கே இறக்கி வைக்கின்றார். அந்த அனுபவமே இத்துறை நூல்களைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது. அவ்வாறு கற்றவற்றை எளிய முறையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

அழுத்தம் என்பது யாது?

பால்மரக் காட்டில் வைகறையில் மரம் சீவிக்கொண்டிருக்கும் ஒருவரின் காலடியில் நாகம் ஒன்று படமெடுத்தால் என்ன நேரும்? அவர் சிந்திப்பதற்கு முன்பாகவே உடல் செயற்படத் தொடங்கிவிடும். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் எனும் சுரப்புநீரை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கின்றது. மூச்சு வேகமடைகின்றது. கல்லீரல் தான் சேமித்து வைத்திருந்த சர்க்கரையை இரத்தத்திற்கு அனுப்புகின்றது. செரிமானம் போன்ற அவசரமற்ற வேலைகள் தற்காலிகமாக ஒதுக்கப்படுகின்றன. ஓடுவதற்கும் எதிர்ப்பதற்கும் கை கால்கள் ஆயத்தமாகின்றன.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக விளங்கிய வால்டர் கேனன் இந்த ஏற்பாட்டை ஆராய்ந்து 1915ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். பின்னர், 1936ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே என்பவர், துன்பம் நீடித்தால் உடல் மூன்று படிகளைக் கடக்கின்றது என்று எடுத்துரைத்தார். முதலாவது, அபாய அறிவிப்பு. இரண்டாவது, எதிர்த்து நிற்றல். மூன்றாவது, ஆற்றல் வற்றிச் சோர்ந்து வீழ்தல்.

ஆகவே, அழுத்தம் என்பது கோழைத்தனமும் அன்று, பக்திக் குறைவும் அன்று. உயிரைக் காப்பதற்காக நமக்கு வாய்த்திருக்கும் இயற்கைக் கவசம் அது. தேர்வுக்கு முதல்நாள் மாணவன் விழித்திருந்து படிப்பதும், நேர்முகத் தேர்வில் நாம் கவனத்தோடு விடையளிப்பதும் ஓரளவு அழுத்தத்தின் துணையால்தான்.

அவ்வாறாயின் கேடு எங்கே தொடங்குகின்றது? நாகம் புதருக்குள் மறைந்த சிறிது நேரத்தில் அந்தத் தொழிலாளியின் இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இன்று நம்மை மிரட்டும் நாகங்களோ போவதே இல்லை. கடன் நம்மோடு மேசையில் அமர்ந்து உண்கின்றது; நள்ளிரவில் நம் தலையணையில் தலை வைத்துப் படுக்கின்றது. உடலுக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. தீராத கவலையையும் அது தீண்ட வரும் நாகமாகவே கருதி, ஓயாது போருக்கு ஆயத்தமாகிக்கொண்டே இருக்கின்றது.

உடல் படும் பாடு

அட்ரினலின் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதனைத் தொடர்ந்து சுரக்கும் கார்ட்டிசால் என்பது நீண்ட நேரம் நிலைத்து, இரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்கின்றது. நாள்தோறும் இந்நிலை நீடித்தால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்கு அடங்குவது கடினமாகின்றது. உறக்கம் கெடுகின்றது. கழுத்தும் தோளும் இறுகித் தலைவலி உண்டாகின்றது. நினைவாற்றல் மங்கி, சிறு சொல்லுக்கும் சினம் பொங்குகின்றது. அதைத் தணிக்கச் சிகரெட்டையும் மதுவையும் நாடினால், முன்னதனால் இதயம் கெடுகின்றது. பின்னதனால் பின்னிரவு உறக்கம் கலைகின்றது.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு நடைபெற்ற தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும் உள்ளன. மனச்சோர்வு நோயால் 4.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ பத்து இலட்சம் பேர், பாதிக்கப்பட்டுள்ளனர். நீரிழிவு இந்தியரிடையே மிகுதி என்பதை இத்தகைய ஆய்வுகள் பல ஆண்டுகளாகவே காட்டி வருகின்றன. இந்நோய்களுக்கு உணவும் பரம்பரையும் உடலுழைப்பின்மையும் காரணங்கள். அழுத்தம் ஒன்றே காரணம் என்று நான் கூறவில்லை. ஆனால், மன நிம்மதி இழந்தவர் மாத்திரையை மறக்கின்றார், நடைப்பயிற்சியைக் கைவிடுகின்றார், நேரம் தவறி உண்கின்றார். நோய்க்கு இவ்வளவு உதவி போதுமே!

எல்லாப் பழியையும் அழுத்தத்தின் மீது சுமத்துவதும் தவறாகும். வயிற்றுப் புண்ணுக்குக் கவலையே காரணம் என்று நெடுங்காலம் நம்பி வந்தனர். ஆஸ்திரேலிய மருத்துவர்களான பாரி மார்ஷலும் ராபின் வாரனும், ஹெலிகோபேக்டர் பைலோரி எனும் நுண்கிருமியே வயிற்றுப் புண் பலவற்றுக்குக் காரணம் என நிறுவி, 2005ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். ஆகவே, உடலில் வலி தோன்றினால் 'எல்லாம் கவலைதான்' என்று நாமே முடிவு செய்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

என் நெஞ்சைத் தொட்ட ஆய்வு ஒன்று உண்டு. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநில ஆராய்ச்சியாளர்கள், நினைவிழப்பு நோயுற்ற உறவினரைப் பராமரித்து வந்த 13 பெண்களையும், அத்தகைய பொறுப்பு இல்லாத அதே வயதுடைய 13 பெண்களையும் ஒப்பிட்டனர். அனைவரின் கையிலும் ஒரே அளவில் மிகச் சிறிய காயம் ஏற்படுத்தப்பட்டது. மற்றப் பெண்களுக்கு அக்காயம் சராசரியாக 39 நாளில் ஆறியது. பராமரிப்பாளர்களுக்கோ ஏறத்தாழ 49 நாள் ஆயிற்று. மனத்திலுள்ள பாரம் தோலிலுள்ள காயத்தையும் ஆறவிடாமல் தடுத்திருக்கின்றது!

தாய்மார்களே! நம் தாமானில் எத்தனை வீடுகளில் ஒரு மருமகள், ஒரு மகள், ஒரு மனைவி இவ்வாறு இராப்பகலாக நோயாளிக்குப் பணிவிடை செய்துகொண்டிருக்கின்றார்! நாம் அவ்வீட்டுக்குச் சென்றால் நோயாளியை நலம் விசாரிக்கின்றோம். பணிவிடை செய்கின்றவரை விசாரிக்கின்றோமா?

யாருக்கு அழுத்தம் மிகுதி?

உயர் பதவியில் இருப்பவர்களுக்கே அழுத்தம் மிகுதி என்பது பொதுவான எண்ணம். இங்கிலாந்து அரசாங்க ஊழியரிடையே 1967ஆம் ஆண்டு தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு இதற்கு மாறான உண்மையைக் காட்டியது. இதய நோயால் ஏற்பட்ட மரணம், மேல்மட்ட அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களிடையே ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைபிடித்தல் முதலியவற்றைக் கணக்கிட்டுப் பார்த்த பின்னரும் அவ்வேறுபாடு முழுமையாக மறையவில்லை. 1985ஆம் ஆண்டு, 10,308 ஆண் பெண் ஊழியர்களைக் கொண்டு மைக்கல் மார்மட் என்பவர் தலைமையில் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. தம் வேலையை எவ்வாறு செய்வது என்று தாமே முடிவு செய்யும் உரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு கூடுதலாக இருந்தது என அது கண்டறிந்தது.

பன்னிரண்டு மணி நேரம் காவற்பணியில் நிற்பவர், தொழிற்சாலையில் முறைவேலை செய்பவர், குறித்த நேரத்தில் சரக்கைச் சேர்க்க வேண்டிய லாரி ஓட்டுநர் ஆகியோரை இங்கே நினைத்துப் பாருங்கள். உழைப்பு மிகுதி, தம் விருப்பப்படி செய்வதற்கோ இடமில்லை. நம்மவருள் இத்தகையோர் பலர். 'அவருக்கென்ன கவலை, எட்டு மணி வேலை செய்துவிட்டு வீடு திரும்புகின்றார்' என்று எவரையும் நாம் எளிதாக எடைபோட்டுவிடலாகாது.

திண்மை எங்கிருந்து வருகின்றது?

திருவள்ளுவப் பெருந்தகை 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். 63ஆம் அதிகாரமாகிய அதன் தலைப்பையே சற்றுச் சிந்தியுங்கள். இடுக்கண் இல்லாமை என்று அவர் பெயரிடவில்லை. இடுக்கண் வரும், வந்தபோது அழிந்துவிடாமல் நிற்பதே அறிவுடைமை என்பது அத்தலைப்பிலேயே விளங்குகின்றது.

அவ்வாறு நிற்கும் ஆற்றலைச் சிலர் மட்டும் எங்ஙனம் பெறுகின்றனர்? ஹவாய் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் நடைபெற்ற ஆய்வு இதற்கு விடை கூறுகின்றது. நம்மைப் போன்றே அங்கும் கரும்புத் தோட்டங்களில் உழைக்கப் பல நாடுகளிலிருந்தும் கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பலர் வாழ்கின்றனர். 1955ஆம் ஆண்டு அத்தீவில் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நடுவயது வரை தொடர்ந்து கவனித்து வந்தனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் போன்ற பல இன்னல்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள். அவர்கள் அனைவரும் கெட்டுப் போவார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வியப்பே காத்திருந்தது. அவர்களுள் மூன்றில் ஒருவர் அன்பும் திறமையும் தன்னம்பிக்கையும் கொண்ட பெரியவராக வளர்ந்தார்.

அவர்களுக்கு வாய்த்த துணை யாது? செல்வம் அன்று. தம் மீது மாறாத அன்பு வைத்த ஒருவரேனும் அவர்களுக்கு இருந்தார். பெற்ற தாயாகவோ, பாட்டியாகவோ, அத்தையாகவோ, ஆசிரியராகவோ அவர் இருந்தார். வழிபாட்டுத் தலம், இளைஞர் கழகம் போன்ற ஏதேனும் ஒன்றில் அவர்களுக்கு ஓர் இடமும் ஒரு பொறுப்பும் இருந்தன. இன்னொன்றையும் நாம் மனத்திற்கொள்ள வேண்டும். இளமையில் தடம் புரண்டவர்களிலும் பெரும்பாலோர் முப்பது நாற்பது வயதுக்குள் சீரடைந்தனர். ஆகவே, 'இவன் தேறமாட்டான்' என்று எந்தப் பிள்ளையையும் கைகழுவிவிடாதீர்கள்.

அன்பர்களே, இன்று நான் வற்புறுத்த விரும்புவது இதுதான். மனத்திண்மை என்பது துன்பத்தை யாருக்கும் தெரியாமல் தனியே விழுங்குவது என்று நாம் நம்பி வளர்ந்திருக்கின்றோம். 'வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே' என்பது நம் குடும்பங்களில் எழுதப்படாத சட்டம். ஆய்வுகளோ வேறு விதமாகக் கூறுகின்றன. திண்மை துணையோடு வளர்வது. நம்பத் தகுந்த ஒருவரிடம் வாய் திறந்து பேசுகின்றவரே உறுதியுடையவர்.

நாள்தோறும் செய்யத்தக்கவை

முதலாவது, மூச்சு. 2001ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, கிறித்துவச் செபமாலையையும் பௌத்த மந்திரத்தையும் ஓதியவர்களின் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு முறையாகத் தணிந்ததையும், இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் உடலியக்கம் மேம்பட்டதையும் கண்டது. இறைநாமத்தை அவசரமின்றி, நீண்ட மூச்சோடு ஓதுவதில் உடலுக்கும் நன்மை உண்டு என்பதற்கு இது சான்று. அலுவலகத்தில் சினம் மூளும்போதும் ஐந்து நிமிடம் இவ்வாறு மெல்ல மூச்சுவிடலாம்.

இரண்டாவது, உறக்கம். பெரியவர்களுக்கு இரவில் ஏழு மணி நேரமேனும் உறக்கம் தேவை. கைத்தொலைபேசியைப் படுக்கைக்கு எடுத்துச் செல்லாமல் இருப்பதே இதற்கு முதற்படி.

மூன்றாவது, உடலியக்கம். போருக்கு ஆயத்தமான உடலுக்கு ஓடுவதற்கு வழி காட்டவேண்டும். வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கின்றது. நாளொன்றுக்கு அரைமணி நேர விரைவு நடையென வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் போதும்.

நான்காவது, கவலையைப் பகுத்துப் பார்த்தல். ஒரு தாளில் கவலைகளை எழுதி, நம்மால் செய்யக்கூடியது எது, நம் கையில் இல்லாதது எது என்று பிரியுங்கள். செய்யக்கூடியதில் ஒன்றையேனும் இவ்வாரமே செய்யுங்கள். கடன் தொல்லையாயின், வட்டி முதலைகளின் வாயில் விழாதீர்கள். 2006ஆம் ஆண்டு பேங்க் நெகாராவால் அமைக்கப்பட்ட ஏ.கே.பி.கே. நிறுவனம் கட்டணமின்றிக் கடன் ஆலோசனை வழங்கி, தவணையைச் சீரமைக்க உதவுகின்றது. அங்கே செல்வதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

ஐந்தாவது, பேசுதல். வாரத்தில் ஒரு முறையேனும், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு அமர்ந்து உண்ணுங்கள். பிள்ளையிடம் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன்னர், 'இந்த வாரம் எப்படியப்பா போயிற்று?' என்று கேளுங்கள். அவன் கூறும்போது அறிவுரை சொல்ல விரையாதீர்கள். கேட்பதே பெரும் உதவி.

எச்சரிக்கை அறிகுறிகள்

இவற்றால் மட்டும் தீராத நிலையும் உண்டு. இரண்டு வாரத்திற்கு மேலாக ஓயாத துயரம், எதிலும் நாட்டமின்மை, உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, 'நான் எல்லாருக்கும் பாரம்' என்ற பேச்சு ஆகியவை தோன்றினால் அது நோயின் அடையாளம். நீரிழிவுக்கு மருத்துவரை நாடுவது போன்றே இதற்கும் நாடவேண்டும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் இதற்குரிய பரிசோதனை உண்டு. மெந்தாரி எனும் சமூக மனநல மையங்களும் இயங்குகின்றன. செய்வினை என்று எண்ணி மாதக்கணக்கில் அலைந்து, மருத்துவத்தைத் தள்ளிப் போடுவது ஆபத்து. பிரார்த்தனையும் செய்யுங்கள், மருத்துவரையும் பாருங்கள். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால் அதை விளையாட்டாகக் கருதாதீர்கள். 'அந்த எண்ணம் வருகின்றதா?' என்று நேராகக் கேட்பதால் எண்ணம் வளராது. மாறாக, அவருக்கு வாய் திறக்க வழி கிடைக்கும். அவரைத் தனியே விட்டுவிடாதீர்கள். முன்பு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த 309ஆம் சட்டப்பிரிவை நம் நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டு நீக்கிவிட்டது. ஆகவே, காவல்துறைக்கு அஞ்சி மறைக்க வேண்டிய தேவை இல்லை. சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555 என்னும் எண்ணிலும், தாலியான் காசே 15999 என்னும் எண்ணிலும், கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 என்னும் எண்ணிலும் உதவி வழங்குகின்றன. இவ்வெண்களை இன்றே உங்கள் கைத்தொலைபேசியில் பதிந்து வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிடினும் அண்டை வீட்டாருக்குத் தேவைப்படலாம்.

ஆலயம் ஆற்றத்தக்க பணி

நிறைவாக, நிர்வாகக் குழுவினருக்கு மூன்று பணிவான வேண்டுகோள். திருவிழா நாள்களில் மண்டபத்தின் ஒரு மூலையில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பரிசோதிக்கும் மேசை ஒன்றை அமையுங்கள். நம் அன்பர்களிடையே தாதியர் பலர் உள்ளனர், கேட்டால் மறுக்கமாட்டார்கள். அடுத்து, வெள்ளிக்கிழமை பூசைக்குத் தவறாமல் வந்தவர் மூன்று வாரம் வரவில்லையெனில், அவர் வீட்டிற்குச் சென்று விசாரிக்க இருவரை நியமியுங்கள். கையில் பிரசாதத்தோடு செல்லும் அவ்விருவருக்கு எந்த வீட்டுக் கதவும் திறக்கும். மூன்றாவதாக, நோயாளியைப் பராமரிக்கும் பெண்மணிக்கு வாரத்தில் ஒரு மாலைப் பொழுதேனும் ஓய்வு கிடைக்க, மகளிர் பிரிவினர் முறைவைத்து அவ்வீட்டில் துணை இருக்கலாம். ஆலயத்திற்குக்கூட வர இயலாமல் இருக்கும் அச்சகோதரி, அந்த இரண்டு மணி நேரத்தில் சந்நிதிக்கு வந்து நிற்கட்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. கவாய்த் தீவின் பிள்ளைகளைக் காத்தது ஒருவருடைய மாறாத அன்பு. அந்த ஒருவராக நம்மில் ஒவ்வொருவரும் யாரேனும் ஒருவருக்கு இருக்க முடியும். இன்று பூசை முடிந்து அன்னதானப் பந்தியில் அமரும்போது, தனியே அமர்ந்திருக்கும் ஒருவரின் பக்கத்தில் சென்று அமருங்கள். "எப்படி இருக்கின்றீர்கள்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் விடை கூறும்வரை காத்திருங்கள்.

எல்லாரும் உடல் நலமும் மன நலமும் பெற்று நீடு வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.